ஸ்டாண்டர்டில் வராது என்று சொன்னால் உடனே இசட் போட்டுவிடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம். விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் எஸ்ஏபி மென்பொருளின் பழைய பதிப்பான ஈசிசி ஓடுகிறது. விற்பனைப் பிரிவு மூன்று விஷயம் கேட்கிறது. பழைய பில் கட்டாத டீலருக்குச் சரக்கு போகாமல் நிறுத்த வேண்டும். ஆர்டரில் 'ஸ்கீம் எண்' என்று புதிதாக ஒரு கட்டம் வேண்டும். டீலர்கள் தங்கள் மொபைலிலிருந்தே ஆர்டர் போட வேண்டும். கன்சல்டன்ட் மூன்றுக்கும் "ஸ்டாண்டர்டில் வராது, இசட் டெவலப்மென்ட்தான்" என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார். (ஸ்டாண்டர்ட் என்றால் எஸ்ஏபியே தரும் வசதி, இசட் என்றால் வாடிக்கையாளர் சொந்தமாக எழுதிச் சேர்க்கும் கோடு.) நிதிப் பிரிவோ "எப்படியும் புதுப் பதிப்பான எஸ்/4ஹானாவுக்குப் போகப் போகிறோம், இப்போது எதற்குப் புதுக் கோடு?" என்று ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறது. யார் சொல்வது சரி? ஸ்டாண்டர்டுக்கு ஏற்ப நம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

இரண்டு பேர் சொல்வதும் அரைகுறை. சொந்தக் கோடு எழுதுவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எங்கே எழுதுகிறீர்கள், எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதுதான் பத்து வருடம் கழித்து வரும் செலவைத் தீர்மானிக்கும். உங்கள் மூன்று தேவைகளுக்கும் பதில் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தேவைக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஓவிஏ8 என்ற டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தானியங்கிக் கடன் கட்டுப்பாட்டுக்கான திரை அது. அதில் கடன் வரம்பு மீறல், கட்டாத பில்களின் சதவீதம், டன்னிங் லெவல் (எத்தனையாவது நினைவூட்டல்) என்று வரிசையாக இருக்கும் சோதனைகளில் 'மிகப் பழைய பாக்கி எத்தனை நாள்' என்பதும் ஒன்று. 45 என்று போட்டு, பிளாக் செய்யும் டிக்கையும் போட்டால் ஆர்டர் சேவ் ஆகும், டெலிவரி நகராது. பொறுப்பில் இருப்பவர் விகேஎம்3 திரையில் பார்த்து விடுவித்தால்தான் சரக்கு கிளம்பும். டீலர்களை ரிஸ்க் வகை வாரியாகப் பிரித்து, பழைய டீலருக்கு 60 நாள், புது டீலருக்கு 30 நாள் என்றும் வைக்கலாம். எஸ்/4ஹானாவில் கடன் நிர்வாகம் வேறு மாட்யூலுக்குப் போய்விட்டது, கடன் வரம்பு போடும் பழைய எஃப்டி32 திரை அங்கே கிடையாது. ஆனாலும் இது கன்ஃபிக் (கோடு எழுதாமல் செய்யும் அமைப்பு) என்பதால் அதை மாற்றிக் கொண்டுபோக எஸ்ஏபியே பாதை கொடுத்திருக்கிறது. இதையே நீங்கள் இசட் ப்ரோக்ராமாக எழுதியிருந்தால் அந்தப் பாதை உங்களுக்குக் கிடையாது.

"ஸ்டாண்டர்டில் வராது" என்று அவர் ஏன் சொன்னார்? அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. விற்பனை மாட்யூல் தெரிந்தவருக்கு நிதி மாட்யூலின் மூலை முடுக்கு தெரியாது, கடன் கட்டுப்பாடு இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. இசட் எஸ்டிமேட் வரும்போதெல்லாம், எந்தெந்த ஸ்டாண்டர்ட் வசதியைப் பார்த்தார், எது எதனால் போதவில்லை என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தாலே பாதி இசட் கரைந்துவிடும்.

இரண்டாவது தேவைக்குப் போகும் முன், எஸ்ஏபி உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992-இல் ஈசிசிக்கு முன்னோடியான ஆர்/3 வந்தபோதே, அபாப் என்ற எஸ்ஏபி மொழியில் எழுதிய அதன் மூலக் கோடு முழுவதும் வாடிக்கையாளரின் சர்வரிலேயே படிக்கக் கிடைத்தது. பெரும்பாலான மென்பொருளில் இந்தச் சலுகை இல்லை. ஒய், இசட் என்று தொடங்கும் பெயர்களை வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கி, அந்தப் பெயர்களில் எஸ்ஏபி எதையும் அனுப்பாது என்று உறுதியும் கொடுத்தார்கள். அப்கிரேடு வந்தாலும் உங்கள் இசட் அழியாது. ஆனால் அழியாது என்பது ஒன்று, ஓடும் என்பது வேறொன்று. அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அது மாறினால் உங்கள் இசட் அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

ஸ்டாண்டர்டுக்குள் உங்கள் கோடைச் சொருக எஸ்ஏபி காலத்துக்குக் காலம் வாசல்கள் திறந்தது. முதலில் யூசர் எக்ஸிட். பிறகு சிமாட் வழியாகப் போடும் கஸ்டமர் எக்ஸிட். 4.6 காலத்தில் பேடி. நெட்வீவர் 7.0-வில் என்ஹான்ஸ்மென்ட் ஃப்ரேம்வொர்க். இவை எதிலும் அடங்காமல் ஸ்டாண்டர்ட் கோடையே திருத்துவதற்குப் பெயர் மாடிஃபிகேஷன். வாடகை வீட்டில் பரண் போட்டுக்கொள்வது வேறு, தூணை நகர்த்துவது வேறு. ஈசிசியில் தூணைத் தொட வேண்டுமென்றால் எஸ்ஏபியின் தளத்தில் பதிவு செய்து 20 இலக்க அக்சஸ் கீ வாங்க வேண்டும். அந்தத் தொல்லையே பலரைத் தடுத்தது. எஸ்/4ஹானாவில் அந்தக் கீ கேட்பதில்லை, கவனம். தடுக்க வேண்டுமானால் நீங்கள்தான் அதிகாரம் வழங்கும்போதே தடுக்க வேண்டும்.

மாடிஃபிகேஷன் செய்தவர்களுக்கு அப்கிரேடு நாளன்று எஸ்பிஏயூ என்ற பட்டியல் காத்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி: எஸ்ஏபியின் புதுக் கோடு வேண்டுமா, உங்கள் பழைய திருத்தம் வேண்டுமா? 2009-இல் யாரோ போட்ட திருத்தம். போட்டவர் இப்போது எங்கேயோ இருக்கிறார். கமென்டில் "பிசினஸ் ரிக்வயர்மென்ட்படி மாற்றப்பட்டது" என்று மட்டும் இருக்கும். ராத்திரி டவுன்டைமில் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பயந்துபோய் பழையதையே வைத்துக்கொள்வார். எஸ்ஏபி திருத்தி அனுப்பிய பிழையும் கூடவே பழையபடி திரும்பிவிடும்.

இப்போது உங்கள் ஸ்கீம் எண். இதற்குக் கோடு வேண்டும், தப்பில்லை. ஆர்டர் ஹெடர் டேபிளான விபிஏகே-யில் அப்பெண்ட் ஸ்ட்ரக்சர் (டேபிளைத் திருத்தாமல் ஒட்டும் இணைப்பு) மூலம் ஒரு ஃபீல்டு. ஆர்டர் போடும் திரையான விஏ01-இல் 'அடிஷனல் டேட்டா பி' என்ற டேப் இதற்கென்றே காலியாக விடப்பட்டது, ஹெடருக்கு 8309 எண்ணுள்ள திரை. அதில் கட்டத்தை வரைந்து, மதிப்பைச் சரிபார்க்க எம்வி45ஏஎஃப்இசட்இசட் என்ற இன்க்ளூடில் (யூசர் எக்ஸிட்கள் இருக்கும் கோடுத் துண்டு) சேவ் ஆவதற்குச் சற்று முன் ஓடும் ரூட்டினில் நாலு வரி. அனுபவமுள்ள அபாப்பருக்கு இது பெரிய வேலையில்லை. எஸ்/4ஹானாவில் என்றால் 'கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்ற ஆப்பில், கோடு எழுதாமலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

சிக்கல் அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. இந்த இன்க்ளூடைத் திறந்து பார்த்தால் ஒரு நிறுவனத்தின் நிர்வாக வரலாறே அங்கே கிடக்கும். நான் பார்த்தவற்றில் அடிக்கடி வருபவை சில.

பாப்-அப். "ஸ்கீம் எண் போடவில்லை, தொடரலாமா?" என்று கேட்கும் பெட்டி. டெஸ்டிங்கில் அழகாக வரும், யூசர் கைதட்டுவார். அந்த எக்ஸிட் விஏ01-க்கு மட்டும் ஓடுவதில்லை என்பதை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். பேப்பி (வெளி ப்ரோக்ராம்கள் கூப்பிடும் ஃபங்ஷன்) வழியாக வரும் ஆர்டர், ஐடாக்காக (வேறு கணினி அனுப்பும் மின்னணு ஆவணமாக) வரும் ஆர்டர் எல்லாமே அதே இடத்தைத் தாண்டித்தான் போகும். அங்கே பெட்டிக்கு "ஆமாம்" என்று அழுத்த ஆளே இல்லை. நாளைக்கு உங்கள் டீலர் மொபைலில் ஆர்டர் போடும்போது முதலில் உடையப்போவது இதுதான்.

அடுத்தது, டீலரின் பாக்கியைப் பார்க்க கணக்குப் பதிவுகளின் டேபிளான பிஎஸ்இஜி-யில் நேரடியாக செலக்ட் (தேடல்). ஈசிசியில் அது கிளஸ்டர் டேபிள், பல ரெக்கார்டுகளைச் சேர்த்துச் சுருட்டி வைப்பது. டாக்குமென்ட் எண் தெரியாமல் டீலர் எண்ணை வைத்து அங்கே தேடினால் சேவ் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம். திறந்த பாக்கிகளுக்கென்றே பிஎஸ்ஐடி இருக்கிறது. மூன்றாவது, எக்ஸிட்டுக்குள் கமிட் வொர்க், அதாவது 'இதுவரை செய்ததை நிரந்தரமாக எழுது' என்ற கட்டளை. இது மன்னிக்கவே முடியாதது. ஆர்டர் சேவ் ஆவது ஒரே மூச்சில் நடக்க வேண்டிய காரியம், நடுவில் கமிட் போட்டால் பாதி எழுதப்பட்டும் பாதி எழுதப்படாமலும் டேட்டா நிற்கும். பிரச்சினை அன்றைக்கே தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டாக்கும் ஆர்டரும் ஒத்துவராதபோது தெரியும்.

நான்காவது, ஹார்ட்கோடு, அதாவது மாறக்கூடிய மதிப்பைக் கோடுக்குள்ளேயே எழுதிவிடுவது. ஒரு மேலாளரின் யூசர் ஐடியை எழுதி "இவராக இருந்தால் சோதிக்காதே" என்று ஒரு வரி. அவர் ரிட்டயர் ஆனபின் அந்த ஐடியை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள், ஆடிட்டர் கண்டுபிடிக்கும் வரை. வரி விகிதத்தை ஹார்ட்கோடு செய்வது இன்னும் மோசம். உங்கள் தொழிலிலேயே நடந்ததைப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் மின்பம்புகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 என்ற அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு நிறையப் பொருள்களின் விகிதம் மாறியது. விகிதத்தைக் கண்டிஷன் ரெக்கார்டில் (தேதியோடு விகிதம் பதியும் இடம்) வைத்திருந்தவர்கள் தேதி போட்டுப் புது ரெக்கார்டு சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பில் பிரின்ட் ஃபார்முக்குள் 12 என்று எழுதி வைத்திருந்தால், மேலே வரித் தொகை சரியாகவும் கீழே சதவீதம் தப்பாகவும் இன்வாய்ஸ் அச்சாகும். டீலர் அதை வாங்க மாட்டார்.

இதோடு சேர்த்து இன்னொன்று, விலை நிர்ணயத்தில் கை வைப்பவர்களுக்காக. ஸ்கீம் தள்ளுபடிக்கு விஓஎஃப்எம் திரையில் ரூட்டின் எழுதினால் எண் 600-இலிருந்து 999-க்குள் இருக்க வேண்டும், அதுதான் வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய இடம். டிரான்ஸ்போர்ட் (மாற்றங்களின் மூட்டை) நிஜ சர்வரான ப்ரொடக்‌ஷனுக்குப் போனபின் தள்ளுபடி வேலை செய்யவில்லை என்றால் பதறாதீர்கள். ஆர்வி80ஹெச்ஜிஇஎன் என்ற ப்ரோக்ராமை அங்கே ஓட்டினார்களா என்று கேளுங்கள். அநேகமாக மறந்திருப்பார்கள்.

என்ஹான்ஸ்மென்ட் ஃப்ரேம்வொர்க்கில் இம்ப்ளிசிட் என்று ஒரு வகை உண்டு. ஏறக்குறைய எந்த ஸ்டாண்டர்ட் ஃபங்ஷனின் ஆரம்பத்திலும் முடிவிலும் உங்கள் கோடைச் சொருகலாம், கீ எதுவும் வேண்டாம். வசதியாகத்தான் இருக்கும். எனக்கு இதன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. பேடி என்றால் எஸ்ஏபி "இந்த இடத்தில் இந்த மதிப்புகளைத் தருவேன்" என்று ஒப்புக்கொண்ட வாசல். இம்ப்ளிசிட்டில் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. அந்த ஃபங்ஷனையே அடுத்த ரிலீஸில் அவர்கள் கூப்பிடாமல் விட்டால் உங்கள் சோதனை சத்தமில்லாமல் நின்றுபோகும். ஸ்டாண்டர்ட் ப்ரோக்ராமை அப்படியே காப்பி எடுத்து இசட் என்று பெயர் மாற்றி நடுவில் இரண்டு வரி சேர்ப்பதும் இதே ரகம். காப்பி எடுத்த நாளோடு அதன் வளர்ச்சி நின்றுவிடும். எஸ்ஏபி நோட்டுகள் (பிழைத் திருத்தங்கள்) ஒரிஜினலுக்குத்தான் வரும், உங்கள் காப்பிக்கு வராது.

மூன்றாவது தேவை, மொபைல் ஆர்டர். இதை எஸ்ஏபிக்கு உள்ளே எழுத வேண்டாம். திரை, லாகின், டீலருக்கு வரும் மெசேஜ் எல்லாம் வெளியே இருக்கட்டும். எஸ்ஏபியிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: விலை என்ன, ஆர்டரை ஏற்றுக்கொள். அதற்கு வெளியிடப்பட்ட ஏபிஐகள் (வெளி மென்பொருள் பேசும் வழிகள்) இருக்கின்றன. எஸ்ஏபியின் பிடிபி என்ற கிளவுட் மேடையில்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்பனையாளர்கள் எல்லாவற்றுக்கும் பிடிபி என்பார்கள். ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்குச் சரி. இருபது முப்பது ஸ்கிரீனுக்காக மாதச் சந்தாவும், ஜாவாவோ நோடோ தெரிந்த இன்னொரு ஆளும் உங்களுக்குத் தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஃபீல்டுக்காக பிடிபிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நம் ஊரில் எல்லோரும் ஏற்கெனவே இந்த முறையில் ஒன்றைச் செய்து முடித்துவிட்டோம், அதற்குப் பெயர் இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்தது. பில் போட்டதும் விவரம் வெளியே போய், அரசுத் தளத்திலிருந்து 64 எழுத்துள்ள, பில்லின் பதிவு எண்ணான ஐஆர்என்னும் கையெழுத்திட்ட கியூஆர் கோடும் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு இணைப்புப் பாலத்தை வைத்து, எஸ்ஏபிக்குள் அனுப்புவதையும் வாங்கி வைப்பதையும் மட்டும் செய்தவர்களுக்கு, அரசு ஒவ்வொரு முறை ஸ்கீமா (தகவல் வடிவம்) மாற்றியபோதும் பாலத்தில் மட்டும்தான் வேலை. எல்லாச் சரிபார்ப்பையும் பில்லிங் எக்ஸிட்டுக்குள் எழுதியவர்கள் ஒவ்வொரு முறையும் பில்லிங்கையே திரும்ப டெஸ்ட் செய்தார்கள்.

வெளியிலிருந்து ஆர்டர் வருவதில் லைசென்ஸ் என்று ஒரு வலையும் இருக்கிறது. பிரிட்டனில் டியாஜியோ நிறுவனம் சேல்ஸ்ஃபோர்ஸ் மேல் கட்டிய ஆப்களை எஸ்ஏபியோடு இணைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் அதில் நேரடியாக ஆர்டர் போட்டார்கள். 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், அதுவும் எஸ்ஏபியைப் பயன்படுத்துவதுதான், கட்டணம் உண்டு என்று தீர்ப்பளித்தது. எஸ்ஏபி கேட்டிருந்த தொகை சுமார் 5.45 கோடி பவுண்டு. அதற்கு அடுத்த வருடம்தான் எத்தனை டாக்குமென்ட் உருவாகிறது என்று எண்ணிக் கட்டணம் வாங்கும் டிஜிட்டல் அக்சஸ் முறை வந்தது. ஆகவே கோடு எழுதத் தொடங்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் இது எப்படி இருக்கிறது என்று பர்ச்சேஸ் ஆளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டெவலப்மென்ட் செலவைவிட இது பெரிதாக வரலாம்.

இனி நிதிப் பிரிவின் வாதம். ஈசிசி 6.0-வின் பிந்தைய என்ஹான்ஸ்மென்ட் பேக்குகளுக்கு வழக்கமான ஆதரவு 2027 கடைசி வரை, கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை. எனவே மாறத்தான் வேண்டும். அதற்காக இப்போது எதையும் எழுதாமல் வியாபாரத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஸ்கீம் எண் ஃபீல்டு மாறும்போது கூடவே வந்துவிடும், அதில் பயமில்லை. பயப்பட வேண்டியது ஏற்கெனவே இருக்கும் இசட்களுக்கு.

ஹானாவுக்குப் போகும்போது பலமாக உடைவதைவிட மெல்ல உடைவதுதான் ஆபத்து. விலைக் கண்டிஷன்கள் கேஓஎன்வி என்ற டேபிளில் இருந்தன, எஸ்/4-இல் அவை வேறு டேபிளுக்குப் போய்விட்டன. உங்கள் இசட் ரிப்போர்ட் பழையதையே படித்தால் எரர் வராது, டம்ப் அடிக்காது, தள்ளுபடிக் கட்டம் காலியாக வரும் அவ்வளவுதான். ஆர்டர் நிலையைக் காட்டிய விபியூகே-யும் இதே கதை. மெட்டீரியல் எண் 18 எழுத்திலிருந்து 40 வரை நீளலாம் என்று ஆகிவிட்டதால், 18 என்று எண்ணி எழுதிய இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. இன்னொன்று: பழைய டேட்டாபேஸில் வரிசைப்படுத்தச் சொல்லாமலே ரெக்கார்டுகள் பெரும்பாலும் கீ வரிசையில் வந்துகொண்டிருந்தன. அதை நம்பி அடுத்த வரியில் பைனரி சர்ச் (வரிசையாக இருந்தால் மட்டும் சரியாக வேலை செய்யும் தேடல்) போட்டவர்கள் ஏராளம். எஸ்/4-இன் டேட்டாபேஸான ஹானா அந்த வரிசையைத் தருவதாக எந்த உத்தரவாதமும் இல்லை. பத்தில் எட்டு பில் சரியாக வந்து இரண்டு விட்டுப்போகும் ரிப்போர்ட்டைக் கண்டுபிடிப்பது லேசில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஏடிசி என்ற சோதனைக் கருவி வரி எண்ணோடு காட்டிவிடும். இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் எந்த இசட் உண்மையில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ப்ரொடக்‌ஷனில் எஸ்சிமான் என்ற பதிவியை இப்போதே ஆன் செய்யுங்கள். ஒரு முழு வருடமாவது ஓட வேண்டும், மார்ச் கடைசி அதற்குள் வர வேண்டும். வருடத்துக்கு ஒரே முறை கணக்கு முடிக்கும்போது ஓடும் ப்ரோக்ராம்தான் மூன்று மாதப் பட்டியலில் 'யாரும் தொடாதது' என்று வந்து நீக்கப்படும். ஏப்ரல் முதல் வாரம் அக்கவுன்ட்ஸில் அலறல் கேட்கும்.

எஸ்ஏபி இப்போது 'கிளீன் கோர்' என்று சொல்லி, நீட்டிப்புகளை ஏ முதல் டி வரை நான்கு படியாகப் பிரிக்கிறது. வெளியிட்ட ஏபிஐகளை மட்டும் தொட்டால் ஏ, மாடிஃபிகேஷனும் எஸ்ஏபி டேபிளில் நேரடியாக எழுதுவதும் டி. உங்கள் அளவு நிறுவனம் எல்லாவற்றையும் ஏ ஆக்க ஓட வேண்டாம். டி-யை ஒழித்தால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம். டேலி கணக்கு மென்பொருளில் அதன் டிடிஎல் மொழியில் எழுதி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, பெயர்கள்தான் வேறு.

ஸ்டாண்டர்டுக்கு ஏற்ப நம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியின் லிடல் சூப்பர்மார்க்கெட் 2011-இல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018-இல் கைவிட்டது, ஏறக்குறைய 50 கோடி யூரோ போனதாகச் செய்தி வந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கையிருப்பை அவர்கள் கொள்முதல் விலையில் மதிப்பிடுவார்கள், அந்தச் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும். தங்கள் முறையே வேண்டுமென்று மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். அந்தத் தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பீட்டு முறை மாதிரி அடிவயிற்றில் இருக்கும் விஷயத்தைக் கோடு எழுதி மாற்றப் போகக்கூடாது. அது ஒத்துவராவிட்டால் வாங்கும் முன்பே வேறு மென்பொருள் பார்க்க வேண்டும். உங்கள் டீலர் ஸ்கீம் அப்படியல்ல. போட்டியாளரிடமிருந்து உங்களை வேறுபடுத்தும் விஷயம், அதற்குச் செலவழியுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் அச்சில் லோகோ எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்குச் செலவழிக்காதீர்கள்.

கன்சல்டன்டிடம் இப்போது போய்ச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். முதல் தேவை எஸ்டிமேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது, கன்ஃபிக்குக்கான நாள் மட்டும் தரலாம். இரண்டாவதுக்கு அப்பெண்டும் எக்ஸிட்டும் மட்டும், பாப்-அப் இல்லாமல். சரிபார்ப்புக்கான மதிப்புகள் இசட் டேபிளில் இருக்க வேண்டும், விற்பனைப் பிரிவே அதைப் பராமரிக்கும். மூன்றாவது தனி ஒப்பந்தம், லைசென்ஸ் பதில் வந்தபின். ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டோடும் ஏடிசி அறிக்கை வர வேண்டும், அதில் சிவப்பு இருந்தால் பணம் நிற்கும். ஒவ்வொரு இசட் பெயருக்கும் எதிரே அதைக் கேட்ட துறையின் பெயர் ஒரு பட்டியலில் ஏற வேண்டும், ஐடி என்று போட்டால் ஏற்காதீர்கள். ஆட்சேபம் இரண்டாவதில்தான் வரும், பாப்-அப் வேண்டும் என்று யூசர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். ஐடாக்கில் வரும் ஒரு ஆர்டரை அவர்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டுங்கள்.